கடலில் பிறந்து வானம் ஏறிய பத்திரம்

ஒரு கம்பெனிக்கோ தனியாருக்கோ சொந்தமான சிறிய விமானத்தின் காப்பீட்டுப் பத்திரத்தைப் பிரித்தால், தொடக்கத்திலேயே ‘விடி’ என்று ஆரம்பிக்கும் இந்தியப் பதிவு எண் இருக்கும். அடுத்து, விமானத்தின் மதிப்பு இவ்வளவு என்று இரு தரப்பும் முன்கூட்டியே ஒப்புக்கொண்ட தொகை. அதற்குக் கீழே நிபந்தனைகள்: யார் யார் ஓட்டலாம், அவர்களுக்கு எத்தனை மணி நேரம் பறந்த அனுபவம் வேண்டும், எந்த எல்லைக்குள் பறக்கலாம், எந்த வேலைக்குப் பறக்கலாம். பிறகு இழப்பீடு கிடைக்காத வகைகள்: துரு, தேய்மானம், போர், கடத்தல். கடைசியாகப் பிரீமியம்.

இந்த வரிகளில் பெரும்பாலானவை முதலில் கப்பலுக்காக எழுதப்பட்டவை. விமானம் என்று ஒன்று வருமென யாரும் நினைக்காத காலத்தில், கடலோடிகளும் வணிகர்களும் பட்ட அடியிலிருந்து பிறந்தவை. அந்தப் பிறப்பைச் சொல்லத் தூத்துக்குடிக் கரையை விடப் பொருத்தமான இடம் கிடையாது. முத்துக் குளித்த கரை இது. தோணி கட்டிய கரை. சுதேசிக் கப்பல் விட்ட கரை. இன்று வாகைக்குளத்தில் ஓடுதளம் நீண்டிருக்கிறது, குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளம் எழுந்துகொண்டிருக்கிறது. போகிறவனுக்கு ஏதாவது ஆனால் நட்டத்தை யார் தாங்குவது என்ற கேள்வி இந்தக் கரையை எந்தக் காலத்திலும் விட்டதில்லை.

கடல்கட்டியின் பங்கு

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுப் பக்கம் வந்த மார்கோ போலோ, மன்னார் வளைகுடாவின் முத்துக் குளிப்பை விரிவாக எழுதியிருக்கிறார். கிடைத்ததில் பத்தில் ஒரு பங்கை வணிகர்கள் அரசனுக்குக் கொடுத்தார்கள். இருபதில் ஒரு பங்கை வேறு சிலருக்குக் கொடுத்தார்கள். குளிக்கிறவர்களைச் சுறா தீண்டாதபடி மந்திரத்தால் அதன் வாயைக் கட்டுபவர்கள் அவர்கள். மாலையானதும் கட்டை அவிழ்த்துவிடுவார்களாம், இரவில் யாரும் திருட்டுத்தனமாக இறங்கிச் சிப்பி எடுத்துவிடக் கூடாது என்பதற்காக. பின்னாளில் இவர்களைக் கடல்கட்டி என்றார்கள். கம்பெனி ஆட்சியும் அதற்குப் பின் வந்த பிரிட்டிஷ் ஆட்சியும்கூட முத்துக் குளிப்புக் காலத்தில் இவர்கள் இல்லாமல் காரியம் நடத்த முடியவில்லை. கடல்கட்டி கரைக்கு வரவில்லையென்றால் குளிகாரர் படகேற மாட்டார்.

ஆபத்துக்கு முன்பாகவே பேசிவைத்த ஒரு தொகை. எல்லாப் படகும் கொடுக்க வேண்டிய தொகை. கிடைத்த சரக்கில் இத்தனை சதவீதம் என்ற கணக்கு. பிரீமியத்தின் இலக்கணம் முழுவதும் இதில் இருக்கிறது. இல்லாதது ஒன்றுதான்: சுறா கடித்தால் கடல்கட்டி இழப்பீடு கொடுக்க மாட்டார். அவர் கொடுத்தது தைரியம்.

குளிகாரரின் உயிருக்கு உண்மையான பிணை அவர் இடுப்பிலிருந்து மேலே போகும் கயிறு. காலில் கல்லைக் கோத்துக்கொண்டு மூச்சடக்கி இறங்குவார்; கயிறு அசைந்ததும் மேலே இருப்பவர் இழுக்க வேண்டும். கொஞ்சம் கவனம் பிசகினாலும் ஆள் போய்விடும். அந்தக் கயிற்றை மனைவியின் உடன்பிறந்தவர் கையில் கொடுப்பது வழக்கம் என்று இந்தக் கரையில் சொல்வார்கள். மலை ஏறினாலும் மச்சான் தயவு வேண்டும் என்ற பழமொழி தேன் எடுக்கும் மலைக்கு எவ்வளவு பொருந்துமோ, அவ்வளவு இந்தக் கடலுக்கும் பொருந்தும். குளிகாரர் மேலே வராவிட்டால் தாலி அறுப்பது தன் தங்கை என்பதை மறந்து அவர் கயிற்றைத் தளர விடமாட்டார்.

காப்பீட்டுச் சட்டத்தின் அடித்தளமும் இதுவே. பொருள் அழிந்தால் எவனுக்கு நட்டமோ அவன் மட்டுமே அதைக் காப்பீடு செய்யலாம். தனக்குத் தொடர்பில்லாத கப்பல் மூழ்குமா மூழ்காதா என்று லண்டனில் பந்தயம் கட்டுவதுபோலப் பத்திரம் எழுதிக்கொண்டிருந்தார்கள். 18ஆம் நூற்றாண்டின் நடுவில் பிரிட்டிஷ் பாராளுமன்றம் அதைத் தடுத்தது. கப்பல் மூழ்கினால் லாபம் அடைகிறவன் கையில் கயிற்றைக் கொடுக்கக் கூடாது என்பதே அந்தச் சட்டத்தின் சாரம்.

கடனாக வந்த காப்பு

காப்பீட்டின் மற்றொரு பாதி வட்டிக்கடையில் பிறந்தது. அர்த்தசாஸ்திரம் வட்டிக்கு வரம்பு சொல்லும்போது சாதாரணக் கடனுக்கு மாதம் நூற்றுக்கு ஒன்றேகால், வணிகக் கடனுக்கு 5, காட்டு வழி போகிறவருக்கு 10, கடல் வழி போகிறவருக்கு 20 என்று வகுக்கிறது. பாதைக்குப் பாதை ஆபத்தை எடைபோட்டு விலை வைத்திருக்கிறார்கள். கிரேக்க, ரோமானிய வணிகத்தில் இந்தக் கடனுக்கு இன்னொரு நிபந்தனையும் இருந்தது: கப்பல் கரை சேர்ந்தால் வட்டியோடு திருப்பிக் கொடு, மூழ்கினால் கொடுக்க வேண்டாம். வட்டிக்குள் காப்பீடு ஒளிந்திருந்தது.

கடல்கட்டியிடம் முன்பே பேசிவைத்த தொகை இருந்தது, இழப்பீடு இல்லை. கடன் கொடுத்தவரிடம் இழப்பைத் தாங்கும் பணம் இருந்தது, ஆனால் அது கடனாக மட்டுமே வந்தது. இந்த இரண்டையும் இணைத்து, முன்னால் சிறு தொகை வாங்கிக்கொண்டு நட்டம் வந்தால் பெரிய தொகை கொடுப்பது என்ற ஒப்பந்தம் இத்தாலியத் துறைமுகங்களில் உருவானது. இன்று கிடைப்பவற்றில் மிகப் பழையதாகச் சொல்லப்படும் ஒப்பந்தம் 1347இல் ஜெனோவாவில் எழுதப்பட்டது.

அதைத் தொழிலாக வளர்த்தது லண்டன். 1680களில் எட்வர்ட் லாயிட் என்பவர் டவர் தெருவில் நடத்திய காப்பிக் கடைக்கு மாலுமிகளும் கப்பல் முதலாளிகளும் செய்தி பேச வருவார்கள். கப்பலின் பெயர், சரக்கு, போகும் துறை எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி மேசைக்கு மேசை கொண்டுபோவார்கள். ஆபத்தில் இத்தனை பங்கு எனக்கு என்று எழுதி ஒவ்வொருவரும் அடியில் கையெழுத்துப் போடுவார். முழு நட்டமும் ஒருவர் தலையில் விழாது. ஆனால் கையெழுத்திட்ட பங்குக்கு அவர் சொத்து முழுவதும் பொறுப்பு. காப்பிக் கடை லாயிட்ஸ் சந்தையானது. ஆபத்தைப் பங்கு பிரிக்கும் முறை மாறவில்லை: இன்று ஒரு ஜெட் விமானத்தின் ஆபத்தும் அங்கே பல பங்காகத்தான் பிரிகிறது.

1906: கப்பலும் பத்திரமும்

பிரிட்டனின் கடல்சார் காப்பீட்டுச் சட்டம் 1906இல் வந்தது. இந்தியாவின் 1963ஆம் ஆண்டுச் சட்டம் அதைப் பெருமளவு அடியொற்றியது. அதே 1906 அக்டோபர் 16 அன்று தூத்துக்குடியில் சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனி பதிவானது. பாண்டித்துரைத் தேவர் தலைவர், வ.உ.சிதம்பரம் பிள்ளை அதை உருவாக்கியவர். மூலதனம் 10 லட்சம் ரூபாய். ஒரு பங்கு 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சுதேசி அலையில் அதே ஆண்டில் இந்தியர்கள் காப்பீட்டு நிறுவனங்களையும் தொடங்கினார்கள்: சென்னையில் யுனைடெட் இந்தியா, கல்கத்தாவில் நேஷனல், லாகூரில் கோ-ஆபரேட்டிவ். கப்பலும் நம்முடையது, ஆபத்தைத் தாங்கும் பணமும் நம்முடையது என்ற நினைப்பு ஒரே காற்றில் வந்தது.

1907இல் காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்கள் வந்தன. தூத்துக்குடி-கொழும்பு வழியைத் தனியாக ஆண்டுவந்த பிரிட்டிஷ் இந்தியா கப்பல் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது. சுதேசிக் கம்பெனி அதற்கும் கீழே இறங்கியது. எதிராளி இலவசமாக ஏற்றிக்கொண்டு கையில் ஒரு குடையும் கொடுத்த கதை நம் பிள்ளைகளுக்குப் பாடமாக இருக்கிறது. அந்தக் குடைக்குப் பின்னால் இருந்த கணக்கையும் பாடமாக வைக்க வேண்டும். பிரிட்டிஷ் கம்பெனிக்கு இந்த ஒரு வழியின் நட்டம் பல வழிகளின் லாபத்தில் கரைந்துபோகும். வ.உ.சி.யின் கம்பெனிக்கு இருந்ததே இந்த ஒரு வழி. 1908 மார்ச் 12 அன்று அவர் கைதானார், சிறையில் அவர் செக்கிழுத்த காலத்தில் கம்பெனி நொடித்தது, 1911இல் கலைக்கப்பட்டது. கப்பல் ஓட்டத் தெரியாமல் அந்தக் கம்பெனி விழவில்லை. அரசாங்கத்தின் அடக்குமுறையும், நட்டத்தைப் பரப்பித் தாங்க ஆழமான மூலதனம் இல்லாததும் சேர்ந்து அதை வீழ்த்தின.

1911: வானத்துக்கு முதல் கையெழுத்து

அதற்குள் தமிழகம் விமானத்தைப் பார்த்துவிட்டது. மவுண்ட் ரோட்டில் ஓட்டல் நடத்திவந்த ஜியாகோமோ தாஞ்சலிஸ், சிம்சன் நிறுவனத்தின் உதவியோடு தானே ஒரு விமானம் கட்டி 1910 மார்ச்சில் பல்லாவரத்தில் பறந்தார். தனி ஒருவரின் சொந்த விமானம் அது. 1911 பிப்ரவரி 18 அன்று அலகாபாத்தில் ஹென்றி பெக்கே கடிதப் பைகளோடு பறந்து, உலகின் முதல் அதிகாரபூர்வ விமான அஞ்சலை நடத்தினார். சுதேசிக் கப்பல் கம்பெனி கலைந்த அந்த 1911இல்தான் லாயிட்ஸ் சந்தையில் முதல் விமானப் பத்திரம் எழுதப்பட்டது.

எழுதியவர்கள் கப்பல் காப்பீட்டுக்காரர்கள். சில ஆண்டுகளுக்கு முன் மோட்டார் கார் வந்தபோது, அதைத் தரையில் ஓடும் கப்பல் என்று வைத்துக்கொண்டு பத்திரம் எழுதிய கைகள் அவை. விமானத்துக்கும் கையில் இருந்த அச்சைத்தான் எடுத்தார்கள். ஓராண்டு தாங்கவில்லை. 1912இல் ஒரு விமானக் காட்சியில் மோசமான வானிலையால் விமானங்கள் விழ, லாயிட்ஸ்காரர்கள் விமானப் பத்திரம் எழுதுவதையே நிறுத்தினார்கள். கடலில் பல நூறு ஆண்டுகளின் கணக்கு அவர்களிடம் இருந்தது: எந்த மாதம் எந்தக் கடல் எத்தனை கப்பலை வாங்கும் என்று தெரியும். வானத்துக்கு அப்படி ஒரு பேரேடு இல்லை.

முதல் உலகப் போர் அந்தப் பேரேட்டை எழுதித் தந்தது. போர் முடிந்ததும் ஆயிரக்கணக்கில் விமானங்களும் விமானிகளும் மிஞ்சினார்கள். தனியார் வாங்கிப் பறந்தார்கள். 1920களில் விமானத்துக்கென்றே காப்பீட்டுக் குழுக்கள் உருவாயின. பிரிட்டிஷ் விமானக் காப்பீட்டுக் குழுவை நடத்திய கேப்டன் லாம்ப்ளூ சொன்னதாக ஒரு கருத்து விமானிகளிடையே இன்றும் வழங்குகிறது: பறப்பது தன்னளவில் ஆபத்தானதல்ல, ஆனால் அலட்சியத்தையும் திறமைக் குறைவையும் அது கடலைவிடக் கடுமையாகத் தண்டிக்கும். விமானிகளின் பெயரும் பறந்த மணிக்கணக்கும் பத்திரத்தில் இடம்பிடிப்பதற்குக் காரணம் இந்த அறிவுதான். 1929இல் வார்சா உடன்படிக்கை, காசு வாங்கி ஏற்றிச்செல்லும் சர்வதேசப் பயணத்தில் ஓர் உயிருக்கு 1,25,000 பிராங்க் என்று பொறுப்புக்கு வரம்பு கட்டியது. இந்தியா 1934இல் அதைச் சட்டமாக்கியது. அதே ஆண்டில் விமானக் காப்பீட்டாளர்களின் சர்வதேச ஒன்றியம் லண்டனில் அமைந்தது.

எம்டன் காட்டிய விலக்கு

பத்திரத்தில் போருக்கு இடமில்லை என்ற வரியின் பொருளை நம் கரை நேரில் கண்டது. 1914 செப்டம்பர் 22 இரவில் எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் சென்னை எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டது. இலங்கையைச் சுற்றிய கடலில் அது வேட்டையாடிய வாரங்களில் கப்பல்கள் துறையை விட்டுக் கிளம்பவே தயங்கின. போர்க்காலப் பிரீமியம் எகிறியது. புயலைக் கணக்கிடலாம், எதிரியின் எண்ணத்தைக் கணக்கிட முடியாது. அதனால் போருக்குத் தனிப் பத்திரம், தனி விலை, குறுகிய கால அறிவிப்பில் திரும்பப் பெறும் உரிமை என்று வைத்தார்கள். விமானத்துக்கும் அதே ஏற்பாடுதான்.

2001 ஜூலை 24 அன்று கட்டுநாயக்கா விமான நிலையம் தாக்கப்பட்டு ஸ்ரீலங்கன் நிறுவனத்தின் ஜெட் விமானங்கள் எரிந்தபோது, லண்டன் காப்பீட்டாளர்களின் முடிவு கொழும்புத் துறைமுகத்துக்கும் சேர்த்து விழுந்தது. தூத்துக்குடியின் கண்டெய்னர்களில் பெரும்பகுதி அந்நாளில் கொழும்பில் கப்பல் மாறிப் போனவை. விமானம் எரிந்தது அக்கரையில். போர்ப் பிரீமியம் உயர்ந்தது கப்பலுக்கும். இரண்டு மாதத்தில் நியூயார்க் தாக்குதல். செப்டம்பர் 17 அன்று காப்பீட்டாளர்கள் உலகெங்கும் ஏழு நாள் அறிவிப்புக் கொடுத்து, போரால் மூன்றாம் தரப்புக்கு ஏற்படும் சேதத்துக்கான பொறுப்பை 5 கோடி டாலராகச் சுருக்கினார்கள். விமானங்கள் தரையில் நிற்காமல் இருக்க அரசாங்கங்கள் உத்தரவாதம் தர வேண்டியதாயிற்று. நட்டத்தைத் தாங்குகிறவர் கை விரித்தால் எஞ்சின் ஓடினாலும் விமானம் பறக்காது என்பதை அந்த ஏழு நாள் காட்டியது.

நம் நாட்டில்

1919இல் தோராப்ஜி டாடா நியூ இந்தியா அஷ்யூரன்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து பம்பாய்க்கு அஞ்சல் விமானம் ஓட்டினார். அந்தச் சேவை சென்னை வரை நீண்டது. 1946இல் டாடா ஏர்லைன்ஸ் ஏர் இந்தியா ஆனது. அதே 1946இல் நியூ இந்தியா விமானக் காப்பீட்டுக்குத் தனித் துறை அமைத்தது. 1906இன் சுதேசி நினைப்பு நாற்பது ஆண்டில் வானத்தைத் தொட்டது.

1953இல் விமானப் போக்குவரத்து அரசுடைமையானாலும் கம்பெனி விமானங்களுக்கு இடமிருந்தது. 1963இல் ‘தி இந்து’ நாளிதழ் பிரதிகளை வெளியூர்களுக்குக் கொண்டுசெல்லச் சொந்த விமானங்களை வைத்துக்கொண்டது. 1973 ஜனவரி 1 முதல் 107 பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் நான்காக இணைந்தன. அவற்றில் யுனைடெட் இந்தியாவுக்குச் சென்னை தலைமையிடம். 1994இல் விமானத் துறையும் அடுத்த சில ஆண்டுகளில் காப்பீட்டுத் துறையும் தனியாருக்குத் திறந்தன. தொழிலதிபர்களின் ஜெட்டுகளும் வாடகை விமானங்களும் பெருகின.

தனியார் விமானத்தின் பத்திரம் மூன்று பொறுப்புகளை ஏற்கிறது: விமானத்தின் உடலுக்கு வரும் சேதம், உள்ளே இருப்பவர்களுக்கு வரும் கேடு, தரையில் இருப்பவர்களுக்கும் அவர்கள் சொத்துக்கும் வரும் கேடு. சொந்த உபயோகம் என்று எழுதப்பட்ட விமானத்தில் காசு வாங்கி ஒருவரை ஏற்றினால், விபத்து நடந்த பிறகு பத்திரம் வெறும் தாளாகிவிடலாம். வாடகைக்கு ஓட்ட விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் தனி அனுமதி வேண்டும், அதற்கேற்ற காப்பீடும் வேண்டும். விமானியின் உரிமம் காலாவதியாகியிருந்தாலும், பறக்கத் தகுதிச் சான்று இல்லாவிட்டாலும் இதே கதிதான். கடலுக்குப் போகும் தகுதி கப்பலுக்கு இருக்க வேண்டும், கொடுத்த உறுதிமொழி எழுத்துப் பிசகாமல் காக்கப்பட வேண்டும் என்ற பழைய கப்பல் விதிகளின் பேரப்பிள்ளைகள் இவை.

உப்பளங்கள் சூழ்ந்த இந்த ஊரில் துருவைப் பற்றிய வரி தனிக் கவனத்துக்குரியது. உப்புக் காற்று அலுமினியத் தகட்டின் இணைப்புகளிலும் ஆணித் தலைகளிலும் வெள்ளைப் பொடியாய்ப் பூக்கத் தொடங்கும். கவனிக்காவிட்டால் உள்ளே அரித்துக்கொண்டே போகும். அந்தச் சேதத்துக்குப் பத்திரம் காசு கொடுக்காது. கப்பல் சட்டமும் இயல்பான தேய்மானத்துக்கும் கசிவுக்கும் எலி கடித்ததற்கும் பொறுப்பில்லை என்கிறது. எதிர்பாராமல் வருவதற்கே காப்பீடு. கண்ணெதிரே மெல்ல வருவதைத் துடைத்துக் கழுவிக் காப்பது உடையவரின் கடமை. தோணிப் பலகைக்கு எண்ணெய் பூசி வைக்கும் தண்டல் என்னும் தோணித் தலைவருக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

தாங்கும் தோள்

இந்திய நிறுவனம் பத்திரம் எழுதினாலும் பெரிய விமான ஆபத்துகளின் பெரும்பங்கு மறுகாப்பீடாக லண்டனுக்கும் பிற வெளிநாட்டுச் சந்தைகளுக்கும் போகிறது. 2025 ஜூன் 12 அன்று அகமதாபாத்தில் ஏர் இந்தியா விமானம் விழுந்து தரையில் இருந்தவர்களையும் சேர்த்து 260 பேர் இறந்தார்கள். அந்தக் காப்பீட்டின் பெரும்பகுதியும் வெளிநாட்டு மறுகாப்பீட்டாளர்களிடமே இருந்தது. ஆபத்தை உலகம் முழுவதும் பரப்புவது நல்ல வழிதான். ஒரே நாட்டின் தலையில் அவ்வளவு நட்டமும் விழக் கூடாது. ஆனால் விகிதத்தையும் நிபந்தனையையும் முடிவு செய்யும் மேசை முழுக்க அடுத்தவர் ஊரில் இருந்தால், 2001இன் ஏழு நாள் அறிவிப்பு மறுபடி எந்த நாளும் வரலாம்.

2025 ஜூலை 26 அன்று தூத்துக்குடி விமான நிலையத்தின் புதிய முனையம் திறக்கப்பட்டது. 1,350 மீட்டராக இருந்த ஓடுதளம் 3,115 மீட்டராகியிருக்கிறது. பெரிய விமானங்களும் தொழில் நிறுவனங்களின் ஜெட்டுகளும் தயக்கமின்றி இறங்கலாம். குலசேகரன்பட்டினத்தில் இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது. தனியார் செயற்கைக்கோள்கள் அங்கிருந்து தெற்கு நோக்கிக் கிளம்பும் நாளில், ஒவ்வொன்றுக்கும் ஒரு பத்திரம் எழுதப்படும். அதன் வரிகளும் இந்தக் கப்பல் வரிகளின் வம்சமாகவே இருக்கும்.

அந்தப் பத்திரங்களை எழுதவும், விபத்துக்குப் பின் சேதத்தை அளந்து சொல்லவும், விகிதம் கணக்கிடவும் தெரிந்த ஆட்கள் தூத்துக்குடிக் கல்லூரிகளிலிருந்து வர வேண்டும். கடல்சார் படிப்பும் வணிகப் படிப்பும் இங்கே இருக்கின்றன. காப்பீட்டை அவற்றின் ஓரத்தில் ஒரு பாடமாக வைக்காமல் தொழிலாகவே கற்பிக்கலாம். ஆபத்தைத் தாங்கும் மூலதனமும் இந்தியக் காப்பீட்டு நிறுவனங்களில் பெருக வேண்டும். கப்பல் வாங்கப் பணம் திரட்டிய வ.உ.சி.க்கு நட்டத்தைத் தாங்கும் பணம் திரட்ட அவகாசம் கொடுக்கப்படவில்லை. நமக்கு அவகாசம் இருக்கிறது. அவர் தொடங்கியதை முழுமையாக்க அதைப் பயன்படுத்த வேண்டும்.